உரிமையும் பரிகாரமும்: அரச அலுவலருக்கெதிரான வழக்குத் தீர்ப்புகள் பற்றிய ஒரு நோக்கு

அரச அலுவலர் ஒருவரின் செயலினால் உரிமையிழந்த குடிமகன் நீதிமன்றத்தை நாடும்போது இரண்டினை வேண்டி நிற்கின்றான். தனக்கு அவ்வுரிமை உண்டென நீதிமன்றம் எடுத்துரைத்தல் ஒன்று. இழந்ததற்கு ஈடான பரிகாரம் கிடைத்தல் மற்றொன்று. உரிமை உள்ளவிடத்துப் பரிகாரமும் உண்டு என்பது சட்டவியலின் பழைய முதுமொழிகளுள் ஒன்றாகையால், முன்னது கிடைத்தவிடத்துப் பின்னதும் தானே வந்தமையும் என எண்ணுதல் இயல்பே. ஆயின், இலங்கையில் அரச அலுவலருக்கெதிராகத் தொடுக்கப்பட்ட வழக்குகளின் தீர்ப்புகளை, சிறப்பாகத் தமிழ் மக்களின் வாழ்வோடு தொடர்புடையவற்றை, வரிசைப்படுத்தி நோக்குமிடத்து, உரிமை முன்னே செல்லப் பரிகாரம் பின்னே தங்கிவிட்டமையே பெரிதும் புலனாகின்றது. எனவே, தீர்ப்பொன்றின் தகுதியை அதில் அடங்கிய கோட்பாட்டைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. பரிகாரம் எப்போது கிடைத்தது, எவர் கையிலிருந்து கிடைத்தது, தவறிழைத்த அலுவலருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும்.

தமிழ் மாணவருக்கு இவ்வினாக்கள் புதியனவல்ல. சிலப்பதிகாரத்து வழக்குரை காதை, ஆட்சியாளனுக்கெதிராகக் குடிமகள் ஒருத்தி தொடுத்த வழக்கின் கதையே. கோவலனைக் கொன்றவர் காவலர், பொய்யுரைத்தவன் பொற்கொல்லன். பாண்டியன் நினைத்திருப்பின் பழியை இவ்விருவர் மீதும் சுமத்தியிருக்கலாம். அவனோ பிழை தன்னுடையதென ஏற்று, அதன் விலையைத் தன் உயிராலேயே செலுத்தினான். அத்தீர்ப்பினால் கோவலன் மீளவில்லை. காலந்தாழ்ந்து வந்த நீதி மதுரையையும் காக்கவில்லை. எனினும், பிழைக்கான விலையைப் பிழைத்தவனே கொடுத்தான் என்பது அக்காதையில் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. இக்காலத் தீர்ப்புகள் பலவற்றில் இவ்வொன்றுதான் மிகவும் மங்கலாக உள்ளது.

முதலில் நோக்கத்தக்கது கோடீஸ்வரன் வழக்காகும். அரசாங்க இலிகிதர் சேவையைச் சார்ந்த செல்லையா கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1961 டிசம்பரில் வெளியான திறைசேரிச் சுற்றறிக்கையின்படி, 1962 ஏப்ரலில் அவருக்குக் கிடைக்க வேண்டிய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம், சோல்பரி யாப்பின் 29(2) ஆம் பிரிவுக்கு முரணானது என்பது அவரது வாதம். ஏனையோருக்கு இல்லாத தடைகளை ஓர் இனத்தவருக்கோ சமயத்தவருக்கோ மட்டும் விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்பதே அப்பிரிவின் சாரம். 1964 இல் மாவட்ட நீதிபதி அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டார். தொகையளவில் மிகச் சிறியதொரு சம்பள ஏற்றத்தை முன்னிட்டு, நாட்டின் மொழிக்கொள்கை முழுவதும் நீதியின் தராசில் ஏற்றப்பட்டது.

அதன்பின் நடந்தவையே சிந்தனைக்குரியன. அரசு மேன்முறையீடு செய்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் தம் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்குத் தொடுத்தல் இயலாது எனக் கூறி வழக்கைத் தள்ளியது. யாப்புப் பற்றிய வினாவை அது தொடவில்லை. 1969 டிசம்பரில் இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் அத்தீர்ப்பை மாற்றி, அரச ஊழியர் வழக்குத் தொடுக்கலாம் எனத் தீர்மானித்தது. ஆயின் மொழிச் சட்டம் செல்லுபடியாகுமா என்னும் மூலவினாவை அது உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. அவ்வினாவுக்கு விடை கிடைக்கவேயில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்பில் 29 ஆம் பிரிவு இடம்பெறவில்லை. வழக்காளி ஒரு கோட்பாட்டை வென்றார். வழக்கின் பொருளை அவர் வெல்லவுமில்லை, தோற்கவுமில்லை. வினா எழுந்து நிற்க, அதற்கு விடை கூற வேண்டிய சட்டமே அகற்றப்பட்டது. நீதிமன்றம் விடை தரத் தயங்கும் ஒவ்வோராண்டும் ஆட்சியாளருக்கு வாய்ப்பான ஆண்டாகும் என்பதை இவ்வழக்கைவிடத் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்றில்லை.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இக்குறையை ஓரளவு நீக்க முனைந்தது. அடிப்படை உரிமைகள் மூன்றாம் அத்தியாயத்தில் விதிக்கப்பட்டதோடு, ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலால் அவை மீறப்படுமிடத்து 126 ஆம் உறுப்புரையின் கீழ் நேரே உயர் நீதிமன்றத்தை நாடவும் வழி செய்யப்பட்டது. நீதியும் ஒப்புரவுமான நிவாரணத்தை வழங்கும் பரந்த அதிகாரமும் அந்நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. கோடீஸ்வரனுக்கு வாய்க்காத வாயில் இதுவெனலாம். அவ்வாயிலுள் யாழ்ப்பாணத்தின் குரல் எவ்வாறு நுழைந்தது என்பதற்குச் ‘சற்றர்டே றிவியூ’ வழக்கு தக்க சான்றாகும்.

‘சற்றர்டே றிவியூ’ 1982 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய ஆங்கில வார இதழ். எஸ். சிவநாயகம் அதன் ஆசிரியராக இருந்தார். தமிழ் மக்களின் நிலையைத் தமிழறியாதாருக்கும் எடுத்துரைத்த இவ்விதழ், 1983 ஜூலை முதலாம் நாள் அவசரகால விதிகளின் கீழ் தகுதிவாய்ந்த அதிகாரியினால் தடைசெய்யப்பட்டது. அக்கட்டளையை எதிர்த்து வாசகர்கள் தொடுத்த வழக்கே விசுவலிங்கம் எதிர் லியனகே என்பதாகும். எழுதியவர் அல்லாத, அச்சிட்டவரும் அல்லாத ஒருவருக்கு வழக்காடும் தகுதி உண்டோ என்பதே அதில் முதலில் எழுந்த வினா. பேச்சு, வெளியீட்டுச் சுதந்திரம் பெறுவோனின் உரிமையையும் உள்ளடக்கியது என்ற நிலைப்பாட்டில் வாசகரின் மனுவை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வாசகன் என்பவன் சட்டத்தின் கண்களுக்குப் புலப்பட்டமை இந்நாட்டு நீதித்துறை வரலாற்றில் முக்கியமானதொரு நிகழ்ச்சியாகும்.

ஆயின், 1984 இல் வெளியான அத்தீர்ப்பு, தடையுத்தரவு நியாயமானதே என முடித்து மனுவைத் தள்ளுபடி செய்தது. வாசகனுக்கு உரிமை உண்டு. வாசிப்பதற்கு இதழ் இல்லை. அவசரகாலத்தில் ஆட்சித்துறை தேவையெனக் கருதிய கட்டுப்பாட்டைத் தன் கருத்தால் பதிலீடு செய்ய நீதிமன்றம் விரும்பவில்லை. இத்தயக்கத்துக்குக் காரணம் கற்பிப்போர் அக்காலச் சூழலை நினைவிற் கொள்ளுதல் தகும். 1983 ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாம் திருத்தம் விதித்த சத்தியப்பிரமாணத்தை நீதியரசர்கள் உரிய முறையிற் செய்யவில்லை எனக் கூறப்பட்டு, அவ்வாண்டு செப்டெம்பரில் உயர் நீதிமன்றக் கதவுகள் அவர்களுக்கே அடைக்கப்பட்டன. ஆயுதந்தாங்கிய பொலிஸார் வாயிலில் நிறுத்தப்பட்டனர். நீதியரசர்கள் பதவியிழந்தனரோ என்னும் வினா இவ்வழக்கினூடாகவே ஆராயப்பட்டு, இழக்கவில்லை என முடிவாயிற்று. யாழ்ப்பாணத்து வாசகரின் குறைதீர்க்க அமர்ந்த மன்று, தன் இருக்கையை உறுதிப்படுத்தும் நிலைக்கு முதலில் தள்ளப்பட்டது. தன்னிருப்பே ஐயத்துக்குள்ளான மன்றிடமிருந்து துணிவான பரிகாரத்தை எதிர்பார்த்தல் எளிதன்று. எனினும், சூழலை விளக்குதல் வேறு; தீர்ப்பை நியாயப்படுத்துதல் வேறு. தடை நீங்கிப் பின்னர் ‘சற்றர்டே றிவியூ’ மீண்டும் வெளிவந்தபோது சிங்களப் பத்திரிகையாளரான காமினி நவரத்ன அதன் ஆசிரியராகப் பணியாற்றினார். இதழை வாசகரிடம் மீளச் சேர்த்தது நீதிமன்றின் கட்டளையன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

பரிகாரம் வழங்கப்பட்ட வழக்குகளின் கதையோ இன்னும் வியப்பானது. அதை அறியக் குடாநாட்டுக்கு அப்பாலும் செல்லுதல் வேண்டும். 1982 டிசம்பரில் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்புக்கு எதிராகப் பௌத்த குருமார் உள்ளிட்ட மதகுருமார் அமைப்பொன்று அச்சிட்ட துண்டுப்பிரசுரங்களைக் கம்பஹாவில் பொலிஸ் அத்தியட்சகர் உடுகம்பொல கைப்பற்றினார். இரத்தனசார தேரர் தொடுத்த வழக்கில், 1983 பெப்ரவரியில், உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் தீர்த்து 10,000 ரூபா நட்டஈடு விதித்தது. அரசு அத்தொகையைப் பொதுப்பணத்திலிருந்து செலுத்தியதோடு, அவ்வலுவலருக்குப் பதவியுயர்வும் வழங்கிற்று. அவ்வாண்டு மார்ச் 8 ஆம் நாள், அனைத்துலகப் பெண்கள் தினத்தன்று, இடதுசாரித் தலைவியான விவியன் குணவர்த்தன கைது செய்யப்பட்டார். ஜூன் மாதத்தில் அக்கைது சட்டவிரோதமானதெனத் தீர்க்கப்பட்டு 2,500 ரூபா நட்டஈடு விதிக்கப்பட்டது. அதிலும் சம்பந்தப்பட்ட உத்தியோகத்தருக்கு உடனேயே பதவியுயர்வு கிடைத்தது. சில நாட்களுள் நீதியரசர்களின் இல்லங்களின் முன் கும்பல்கள் கூடிக் கூச்சலிட்டன. இப்பதவியுயர்வுகளையும் பொதுப்பணக் கொடுப்பனவையும் தாமே கட்டளையிட்டதாகவும் பொலிஸாரின் மனவுறுதியைக் காக்க அவை வேண்டியிருந்தனவென்றும் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன, சர்வதேச நீதிவல்லுநர் ஆணைக்குழுவின் சார்பில் வந்த போல் சீகாட்டிடம் ஒப்புக்கொண்டமை 1984 இல் வெளியான அறிக்கையிற் பதிவாகியுள்ளது.

இவ்விரு தீர்ப்புகளும் கோட்பாட்டளவில் குறைகாண முடியாதவை. ஆயின் நடைமுறையில் அவை எதிர்மாறான பாடத்தைப் புகட்டின. உரிமையை மீறிய அலுவலர் எதையும் இழக்கவில்லை. அவரது தவறுக்கான விலையைப் பாதிக்கப்பட்டோரும் உள்ளிட்ட வரி செலுத்துவோர் செலுத்தினர். நீதிமன்றின் கண்டனம் பணிக்குறிப்பேட்டில் நற்சான்றாக மாறியது. அவ்வாண்டு ஜூலையில் கொழும்பிலும் பிறவிடங்களிலும் தமிழர் தாக்கப்பட்டபோது காவலர் பலர் வாளாவிருந்தமைக்கு இத்தீர்ப்புகளின் பின்னடைவே காரணம் எனக் கூறுதல் மிகையாகும். எனினும், தவறுக்குத் தண்டனை இல்லை என்னும் நம்பிக்கை அலுவலரிடையே எவ்வாறு வேரூன்றியது என்பதற்கு இவை சான்றாக நிற்கும்.

இங்குச் சட்டத்துள்ளேயே ஓர் இடர்ப்பாடு உண்டென்பதும் மறைக்கத்தக்கதன்று. 1981 இல் தீர்க்கப்பட்ட வேல்முருகு வழக்கில், படையினர் தாக்கினர் என்ற மனுதாரரின் முறைப்பாட்டைப் பெரும்பான்மை நீதியரசர்கள் ஏற்கவில்லை. பின்னர் 1984 இல் பிரதம நீதியரசரான சர்வானந்தா அதில் மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். அரசு வழங்கிய அதிகாரத்தைக் கொண்டே அலுவலர் தவறிழைப்பதால், அச்செயலுக்கு ஆணையிடவில்லை எனக் கூறி அரசு நழுவ முடியாது என்பது அவரது நிலைப்பாட்டின் சாரம். இக்கருத்தே பிற்காலத்தில் வலுப்பெற்றது. பாதிக்கப்பட்டோருக்கு அது பெரும் பாதுகாப்பு. ஆயின் அரசின் பொறுப்பு முழுமையாகும்போது அலுவலரின் பொறுப்பு கரைந்துவிடும் அபாயமும் தோன்றுகின்றது. அரசு மட்டும் செலுத்தின் அலுவலர் தப்புவார். அலுவலர் மட்டும் செலுத்தின் அரசு தப்பும். இரு கைகளிலிருந்தும் ஈடு பெறப்படும்போதே பரிகாரம் முழுமை பெறும்.

இனி, பரிகாரத்தை நாடும் வழியை யாழ்ப்பாணத்திலிருந்து நோக்குதல் வேண்டும். 126 ஆம் உறுப்புரை, உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துள் மனுச் செய்யுமாறு விதிக்கின்றது. மன்று அமைந்துள்ளதோ ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பு, புதுக்கடையில். கண்டி வீதி மூடப்பட்டு, தபாலும் தொலைபேசியும் முடங்கி, கொழும்புப் பயணம் கப்பலையோ விமானத்தையோ படையினரின் அனுமதியையோ நம்பியிருந்த ஆண்டுகள் குடாநாட்டில் பலவாகும். தடுப்புக்காவலில் உள்ளவனுக்கு ஒரு மாதம் என்பது சட்டத்தரணியின் முகத்தைக் காணுமுன்னரே கழிந்துவிடும். இயலாததைச் செய்யுமாறு சட்டம் எவரையும் நிர்ப்பந்திப்பதில்லை என்னும் கோட்பாட்டைக் கொண்டு நீதிமன்றம் சில வழக்குகளில் இவ்வெல்லையைத் தளர்த்தியது. சிறையிலிருந்து வந்த கடிதங்களையும் மனுக்களாக ஏற்றது. 1996 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டமும், ஒரு மாதத்துள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கிற் சேராது என விதித்தது. ஆயின் முறைப்பாடு கொடுத்தமை மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்தமையைக் காட்டுதல் வேண்டும் எனப் பின்வந்த தீர்ப்புகள் சில அவ்வாயிலைச் சற்றே ஒடுக்கின. இவையாவும் நீதிமன்றின் இரக்கத்தைச் சார்ந்த வழிகளாகும். இரக்கம் உரிமையின் இடத்தை நிரப்பாது. மனுவை இரண்டு மாதத்துள் தீர்க்குமாறு அதே உறுப்புரை கூறுவதும், நடைமுறையில் ஆண்டுகள் பல கழிவதும், காலக்கெடுவின் கண்டிப்பு வழக்காளிக்கு மட்டுமே உரியதோ என்னும் ஐயத்தை எழுப்புகின்றன.

மன்று விரைந்து செயற்பட்டால் பரிகாரம் எத்துணை வலிமை பெறும் என்பதற்கு 2007 ஜூன் நிகழ்ச்சி எடுத்துக்காட்டாகும். கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த வடக்கு, கிழக்குத் தமிழர் 376 பேர் ஜூன் 7 ஆம் நாள் விடியற்காலையில் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத்தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. வெளியேற்றம் நின்றது, பலர் திரும்ப அழைத்து வரப்பட்டனர். பெருங்கோட்பாடு எதனையும் அவ்வுத்தரவு நிறுவியதாகக் கொள்ள வேண்டியதில்லை. அது உரிய நாளில் வந்தது. அதுவே அதன் சிறப்பு. எனினும் அம்மனு கொழும்பில் இருந்தோரால் கொழும்பில் தொடுக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது.

நீதிமன்றத்தின் கை எட்டாத அதிகாரங்களும் குடாநாட்டில் ஆட்சி செய்தன என்பதைக் கூறாதுவிடின் இந்நோக்கு நேர்மையுடையதாகாது. ஆட்சித்துறைச் செயலை மட்டுமே 126 ஆம் உறுப்புரை பற்றும். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலையில் இந்தியப் படையினரால் கொல்லப்பட்ட மருத்துவர், ஊழியர், நோயாளர் ஆகியோரின் உறவினருக்கும், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுலத்து முஸ்லிம்களுக்கும் இவ்வாயில் பயன்படவில்லை. அதிகாரம் செலுத்துவோர் எவராயினும் அவரைக் கேள்வி கேட்கும் மன்று இல்லாதவிடத்துக் குடிமகனின் உரிமை வெறுஞ்சொல்லே. அரசை வழக்கில் நிறுத்த முடிகின்றமையின் அருமையும் இவ்வொப்பீட்டினால் விளங்கும்.

அண்மைக்காலத் தீர்ப்புகளில் மாற்றத்தின் அறிகுறிகள் சில தென்படுகின்றன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தடுக்கத் தவறியமை தொடர்பான வழக்குகளில், 2023 ஜனவரி 12 ஆம் நாள், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவையும், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் தலா 7.5 கோடி ரூபாவையும், பாதுகாப்பு அமைச்சின் முன்னாள் செயலாளர் 5 கோடி ரூபாவையும் தத்தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்துமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. தவணைகளாகவேனும் அத்தொகையை முன்னாள் ஜனாதிபதி செலுத்தினார். 1983 இல் பொதுப்பணத்துக்குப் பின்னால் மறைந்த கை, 40 ஆண்டுகளின் பின் வெளியே இழுக்கப்பட்டது. தொகையின் பெருமையினும் ‘சொந்தப் பணம்’ என்னும் சொற்களே இத்தீர்ப்பின் பெருமை எனலாம்.

ஆயினும் பழைய வழக்கம் முற்றாக மறைந்துவிடவில்லை. மிரிகானைப் பொலிஸில் ஒருவர் சித்திரவதைக்குள்ளாக்கப்பட்டமை பற்றி 2011 இல் தொடுக்கப்பட்ட மனு 2023 டிசம்பரில்தான் தீர்க்கப்பட்டது. பொறுப்பாளிகளுள் ஒருவராகக் காணப்பட்ட தேசபந்து தென்னக்கோன் அவ்வேளை பதில் பொலிஸ் மா அதிபராக இருந்தார். அவருக்கெதிராக ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்குமாறு மன்று பணித்திருக்க, 2024 பெப்ரவரியில் அவர் அப்பதவியில் நிரந்தரமாக நியமிக்கப்பட்டார். 1983 இன் காட்சி எழுத்துக்கெழுத்து மீண்டதெனத் தோன்றிற்று. எனினும் முடிவு வேறாயிற்று. அந்நியமனத்தை எதிர்த்த மனுக்களில் 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் கடமையாற்றுவதை இடைநிறுத்தியது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால், எதிர்வாக்கு எதுவுமின்றி, அவரைப் பதவி நீக்கியது. தீர்ப்பின் மறுநாள் என்ன நடக்கின்றது என்பதையும் தன் கண்காணிப்பினுள் கொண்டுவர மன்று இங்கு முற்பட்டுள்ளது.

உரிமைப் பிரகடனங்களால் பயனே இல்லை என்பது இவற்றிலிருந்து பெறப்படும் முடிவன்று. இதழை இழந்த யாழ்ப்பாணத்து வாசகருக்கு 1984 இல் ஏற்கப்பட்ட உரிமை, 1996 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கெதிராக வழக்காடிய நேயர் ஒருவர் வென்றபோது மேலும் வளர்ச்சியுற்றது. 2015 இல் தகவலறியும் உரிமையாக அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. ஒரு தலைமுறைக்குப் பின் பிறர்க்குப் பயன்படும் விதையாக ஒரு தோல்வி அமையலாம். ஆனால் விதை பிறர்க்கெனவும் இழப்பு தமக்கெனவும் வழக்காளியரை வாழச் சொல்வது நீதியாகாது.

ஆகையால் செய்யத்தக்கன இரண்டு. அடிப்படை உரிமை மனுக்களை விசாரிக்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் பகிரப்படுதல் முதலாவது. பதின்மூன்றாம் திருத்தத்தின் கீழ் ஆட்கொணர்வு மனுக்களை இம்மன்றுகள் ஏற்கனவே விசாரிக்கின்றன. ஏனைய உரிமைகளுக்கும் யாழ்ப்பாணத்து மேல் நீதிமன்றமே வாயிலாதல் இயலாததன்று. அலுவலருக்கெதிரான ஒவ்வொரு தீர்ப்பிலும் அவர் சொந்தமாகச் செலுத்த வேண்டிய பங்கும், அத்தீர்ப்பு அவரது பதவியுயர்வில் கருத்திற் கொள்ளப்பட வேண்டுமென்னும் பணிப்பும் இடம்பெறுதல் இரண்டாவது. திறனாய்வாளர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. தீர்ப்பின் இறுதிப் பக்கத்தோடு வாசிப்பை முடித்துக்கொள்ளாது, தீர்க்கப்பட்ட அலுவலர் மறுமாதம் எந்த நாற்காலியில் அமர்ந்தார் என்பதையும் சேர்த்தே அவர் எழுதுதல் வேண்டும்.